சோற்றுப்பும் சட்டமும்: உணவுத் தெரிவு பற்றிய ஒரு சொல் வரலாறு

தமிழில் உப்பு என்னும் பெயர் பல அடைகளை ஏற்று வழங்குவது. கல்லுப்பு, பொடியுப்பு என்பன வடிவத்தையும், இந்துப்பு பிறந்த இடத்தையும், சோற்றுப்பு, கறியுப்பு, வெடியுப்பு, பேதியுப்பு என்பன பயனையும் சுட்டுகின்றன. இவற்றுள் சோற்றுப்பு என்ற சொல் தனிக் கவனத்துக்குரியது. உப்பளத்தில் விளைவது தோல் பதனிடவும் போகும், மீன் உணக்கவும் போகும், ஆலைக்கும் போகும். அதில் மனிதர் வாய்க்குச் செல்லும் பங்கை நினைத்து இட்ட பெயர் இது. இதே பங்கை இந்தியச் சட்டம் இருமுறை தனியே பிரித்துப் பேசியது. முதன்முறை 1931-இல், அடுத்து 1997-இல். இரண்டு முறையும் பிரித்த பொருள் ஏறத்தாழ ஒன்றே. பிரித்ததன் நோக்கங்களோ ஒன்றுக்கொன்று நேர்மாறானவை.

1882-ஆம் ஆண்டின் இந்திய உப்புச் சட்டமும் 1889-ஆம் ஆண்டின் சென்னை உப்புச் சட்டமும் வருவாய்ச் சட்டங்கள். உரிமம் இன்றி உப்பெடுப்பது குற்றம். வரி செலுத்தாத உப்பை வைத்திருப்பதும் குற்றம். உண்பவன் ஏழையா செல்வனா என்ற வினாவே அவற்றில் எழவில்லை. அதே வேளையில், சென்னை மாகாணக் கடற்கரையில் மீன் உப்பிடும் களங்களுக்கு வரியற்ற உப்பு வழங்கும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நடைமுறைக்கு வந்திருந்தது. மீனுக்குக் கிடைத்த சலுகை மீனை உண்டவனின் சோற்றுக்குக் கிடைக்கவில்லை என்பது அக்கால ஆட்சியின் முன்னுரிமைகளை உணர்த்தும்.

1930 ஏப்ரல் 6 அன்று காந்தியடிகள் தண்டிக் கடற்கரையில் உப்பெடுத்தார். திருச்சிராப்பள்ளியிலிருந்து ஏப்ரல் 13 அன்று புறப்பட்ட இராஜாஜியின் அணி வேதாரணியத்தை அடைந்து, அம்மாத இறுதியில் சட்டத்தை மீறியது. இப்போராட்டத்தின் பயனாக உப்புவரி நீங்கிவிட்டதாகப் பலர் எண்ணுவதுண்டு. வரி நீங்கியது 1947-இல்தான். 1931 மார்ச் 5 அன்று கையெழுத்தான காந்தி–இர்வின் உடன்பாடு தந்தது மிகச் சிறிய சலுகை. உப்பு இயல்பாகக் கிடைக்கும் அல்லது காய்ச்சத்தக்க இடங்களை ஒட்டிய சிற்றூர்வாசிகள், தம் வீட்டுப் பயன்பாட்டுக்கும் அவ்வூருக்குள் விற்பதற்கும் உப்பெடுக்கலாம், வெளியூரார்க்கு விற்கலாகாது. சலுகை சிறிதாயினும் அதன் அமைப்பு நோக்கத்தக்கது. வணிகத்தின் மீது அரசின் பிடி நீடித்தது. அடுப்படியும் அண்டை வீடும் அப்பிடியிலிருந்து விலக்குப் பெற்றன. உண்பதற்கென்று எடுத்த உப்பு என்பதே விலக்குக்குக் காரணம்.

விடுதலைக்குப் பின் உப்பு வேறொரு துறையின் கைக்கு மாறியது. இமயமலை அடிவாரத்தில் முன்கழுத்துக் கழலை நெடுங்காலமாகப் பரவியிருந்தது. மழையும் பனிக்கட்டியும் மண்ணின் அயோடினை அரித்துச் சென்றமையால், அங்கு விளையும் உணவில் அது போதிய அளவு இல்லை. 1956 முதல் காங்கிரா பள்ளத்தாக்கில் வெ. இராமலிங்கசுவாமியும் அவர்தம் குழுவினரும் ஓர் ஆய்வை நடத்தினர். பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாக்கி, இரண்டுக்கு அயோடின் சேர்ந்த உப்பும் ஒன்றுக்கு வெற்றுப்பும் வழங்கினர். சில ஆண்டுகளில் முதலிரு பகுதிகளில் கழலை பெருமளவு குறைந்தது. மூன்றாவதில் அவ்வாறு குறையவில்லை. பிறகு அப்பகுதிக்கும் அயோடின் உப்பு தரப்பட்டது. 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தோன்றியது.

தொடக்கத்தில் கழலை உள்ள வட்டாரங்களுக்கு மட்டுமே அவ்வுப்பு சென்றது. அயோடின் குறைபாடு மலைநாட்டோடு நிற்பதன்று என்பதும், கழலை அதன் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் மட்டுமே என்பதும் பின்னர்த் தெளிவாயின. கருவுற்ற தாய்க்கு அயோடின் குறைந்தால் கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். பின்னாளில் ஈடுசெய்ய இயலாத பாதிப்பு இது. 1980-களின் நடுவில் உண்ணும் உப்பு அனைத்திலும் அயோடின் சேர்ப்பது கொள்கையாயிற்று. 1992-இல் திட்டத்தின் பெயரும் மாறியது. கழலை என்ற சொல் நீங்கி, அயோடின் பற்றாக்குறை நோய்கள் என்ற தொடர் அவ்விடத்தில் அமர்ந்தது.

தேவையான அளவு மிகச் சிறிது. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம். உற்பத்தி நிலையில் பத்து இலட்சத்துக்கு 30 பங்கும், வாங்குவோர் கையில் 15 பங்கும் இருத்தல் வேண்டும் என்பது விதி. ஒருவர் நாளொன்றுக்குப் பத்து கிராம் உப்பு உண்பதாகக் கொண்டால், 15 பங்கு என்ற அளவு சரியாக 150 மைக்ரோகிராமைத் தரும். ஈரத்திலும் வெயிலிலும் கிடக்கும்போது ஏற்படும் இழப்பைக் கருதியே முதல் அளவு இரட்டிப்பாக வைக்கப்பட்டது.

1997-இல் பிறந்து 1998 மே மாதம் நடைமுறைக்கு வந்த விதி, ‘மனிதரின் நேரடி நுகர்வுக்கு’ அயோடின் சேராத உப்பை விற்பதைத் தடை செய்தது. கால்நடைக்கும், பதப்படுத்தலுக்கும், மருந்து உற்பத்திக்கும், தொழிற்சாலைக்கும் செல்லும் உப்பு தடைக்குள் வரவில்லை. சோற்றுப்பு என்னும் பழைய வகைப்பாடே சட்டமொழியில் மீண்டும் வந்தது எனலாம். ஆனால் 1931-இல் விலக்குப் பெற்ற இடம் எதுவோ, அதுவே இப்போது கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட இடமாயிற்று. தோலுக்கும் மாட்டுக்கும் எந்த உப்பும் ஆகும், மனிதனுக்கு ஆகாது.

நுகர்வு என்ற சொல்லையும் இங்கே எண்ணிப் பார்த்தல் தகும். பழந்தமிழில் நுகர்தல் என்பது புலன்களால் துய்த்தல், உண்ணுதல். இன்று நுகர்வோர் எனில் பொருள் வாங்குபவர். நுகர்வோர் உரிமை என்னும்போது வாங்குபவரும் உண்பவரும் ஒருவரே என்று கொண்டுவிடுகிறோம். உப்பில் அவ்வாறில்லை. வீட்டுக்கு உப்பு வாங்குபவர் ஒருவர், உண்பவர் பலர், பாதிப்பு நேர்வதோ பெரும்பாலும் இன்னும் பிறவாத ஒருவருக்கு. தனிமனிதத் தெரிவு என்ற கருத்தை அப்படியே இங்குப் பொருத்த முயல்வோர் இதனை எளிதில் கடந்துவிடுகின்றனர்.

நடுவணரசு 2000-ஆம் ஆண்டில் தடையை நீக்கியது. தனிமனிதர் தெரிவு சார்ந்தவற்றில் கட்டாயம் விரும்பத்தக்கதன்று என்பது அப்போது கூறப்பட்ட காரணம். பல மாநிலங்கள் தம் அளவில் தடையைத் தொடர்ந்தன. 2005 நவம்பரில் விதி மீண்டும் பிறப்பிக்கப்பட்டு, 2006 மே முதல் செயலுக்கு வந்தது. இந்த இடைவெளியின் விளைவைத் தேசியக் குடும்பநல ஆய்வுகளில் காணலாம். போதிய அளவு அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்திய வீடுகள் 1998–99-இல் 49 விழுக்காடு. 2005–06-இல் 51 விழுக்காடு. ஏழாண்டுகளில் ஏறக்குறைய அசைவே இல்லை. 2015–16-இல் பதிவான 93 விழுக்காடு, அயோடின் உண்டா இல்லையா என்பதை மட்டும் கணக்கிட்டது. ஆதலின் முன்னிரண்டு எண்களோடு அதனை நேராக ஒப்பிடல் ஆகாது. முதலிரு ஆய்வுகளிலும் தமிழ்நாடு பின்தங்கியே நின்றது. தூத்துக்குடியும் வேதாரணியமும் உப்பு விளைவிக்கும் மண். விளையும் இடத்துக்கு அருகில் வாழ்வோர் கல்லுப்பை மூட்டையிலிருந்து அளந்து வாங்கிப் பழகியவர்கள். கருவிகள் வாங்க முதலில்லாத சிறு உற்பத்தியாளருக்குப் பொட்டாசியம் அயோடேட்டுத் தெளிப்பு எளிய செலவன்று. கட்டாயத்தை எதிர்த்தவர்கள் இப்பொருளியல் பக்கத்தையும் சுட்டினர். அது புறக்கணிக்கத்தக்க வாதமன்று.

வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2011 ஜூலையில் வந்த தீர்ப்பு சொற்பொருளை நுட்பமாக ஆய்ந்தது. விதிக்குத் தாயாக இருந்தது 1954-ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டம். அதன் 23-ஆம் பிரிவு, உணவாகக் கொள்ளும்போது உடல்நலத்துக்குக் கேடு விளைவிக்கக்கூடிய பொருளின் விற்பனையைத் தடுக்க விதி செய்ய அதிகாரம் தருகிறது. வெற்றுப்பு அத்தகைய பொருளா? அதில் கேடு எதுவும் இல்லை. இருப்பது ஒரு குறை மட்டுமே. கேட்டைத் தடுக்கத் தந்த அதிகாரத்தைக் கொண்டு குறையை நிரப்ப இயலாது என்ற அடிப்படையில், விதி சட்டத்தின் எல்லையைக் கடந்தது என நீதிமன்றம் முடிவு செய்தது. தமிழில் இம்முரண் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. ‘அயோடின் கலந்த உப்பு’ என்று எழுதிய பையை விற்கலாம். எதுவும் கலவாத உப்பை விற்றால் கலப்படத் தடுப்புச் சட்டம் தண்டிக்கும்.

ஆயினும் நீதிமன்றம் தடையை உடனே நீக்கவில்லை. பொதுநலம் கருதி ஆறு திங்கள் தொடர அனுமதித்து, அதற்குள் அரசு முறைப்படி ஆவன செய்யலாம் என்றது. அதிகார வரம்பை முன்னிட்டுத் தீர்த்த வழக்கு இது. எதை உண்பது என்னும் உரிமை இந்தியக் குடிமகனுக்கு எவ்வளவு உண்டு என்ற பெரிய வினாவுக்கு இத்தீர்ப்பில் விடை தேடுவது வீண். தீர்ப்பு அவ்வாறு அமைந்தது சரியே என்று தோன்றுகிறது. அரசின் நோக்கம் நன்று என்பதாலேயே அதிகாரம் இருப்பதாகக் கொண்டால், அடுத்து வரும் நோக்கம் எதுவாயினும் அதற்கும் அதே வாயில் திறந்திருக்கும்.

அதற்கு அடுத்த மாதமே, 2011 ஆகஸ்டில், 1954-ஆம் ஆண்டின் சட்டம் விலகி 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டத்தின் ஒழுங்குமுறைகள் நடைமுறைக்கு வந்தன. கலப்படம் என்ற சொல் சட்டத்தின் தலைப்பிலிருந்து நீங்கிப் பாதுகாப்பு என்ற சொல் ஏறியது. விற்பனைத் தடைகள் பற்றிய ஒழுங்குமுறையில் உப்புக்கான தடையும் அதன் விலக்குகளும் மீண்டும் இடம்பெற்றன. மனிதரின் நேரடி நுகர்வு என்ற தொடரும் மாறவில்லை.

இத்தடை விற்பதையும், விற்பதற்காக வைத்திருப்பதையும் பற்றியது, உண்பதைப் பற்றியதன்று. வேதாரணியத்து உப்பளத் தொழிலாளி ஒருவர் ஒரு பிடி கல்லுப்பை வீட்டுக்குக் கொண்டுபோய் உலையில் இட்டால், இவ்விதி அவரைக் கேட்காது. அதே உப்பைச் சமையலுக்கென்று அண்டை வீட்டாருக்கு விலைக்குக் கொடுத்தால் குற்றம். 1931-ஆம் ஆண்டின் உடன்பாட்டில் அவ்வூரார்க்கு அவ்விரண்டுமே அனுமதிக்கப்பட்டிருந்தன.