எபிசோட்: கல்லான மரமும் கரியான மரமும்

தேவனாம்பட்டினத்துல சைக்கிள் எடுத்தா நம்மாளுங்க சில்வர் பீச்ல ஒரு செல்ஃபி, நேரா மெயின் ரோட்ல பாண்டிச்சேரி, அங்கே ஒரு காபி, திரும்பி வந்துடுவாங்க. இன்னைக்கு வேற ரூட் சொல்றேன். பாகூர், வில்லியனூர் வழியா உள்ளே போனா, சுமார் 50 கிலோமீட்டர்ல திருவக்கரை. அங்கே இருக்கறது தேசிய கல்மரப் பூங்கா.

கார்ல போனா ஒரு விஷயம் கண்ணுல படாது. சைக்கிள்ல போனா படும். வயலும் ஏரியுமா இருந்த சமதரை மெல்ல மேடாகும், மண் சிவப்பாகும். அந்தச் சிவப்பு மேட்டுக்குக் கீழே இருக்கற பாறைக்குப் புவியியல்காரங்க வெச்ச பேரே ‘கடலூர் மணற்கல்’. நம்ம கேப்பர் மலையும் இதே பாறைதான்.

கேட்ல சைக்கிளை நிறுத்திட்டு உள்ளே நடந்தா, அங்கங்கே மரக்கட்டைகள் கிடக்கும். தட்டிப் பார்த்தாதான் கல்லுன்னு புரியும். வயசு சுமார் 2 கோடி வருஷம். சில கட்டைகள் 15 மீட்டர் நீளம். எதுலயும் கிளையோ இலையோ வேரோ இல்லை. அதனால மரங்கள் இங்கேயே வளர்ந்ததில்லை, வெள்ளம் எங்கிருந்தோ அடிச்சுட்டு வந்து மணல்ல புதைச்சிருக்குன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. அப்புறம் நிலத்தடி நீர்ல கரைஞ்சிருந்த சிலிக்கா, மரத்தோட செல்களுக்குள்ள படிஞ்சு கல்லாச்சு. வளர்ச்சி வளையங்களைக்கூட இன்னைக்கும் பார்க்கலாம்.

இந்தக் கல்மரங்களை 1781-ல பதிவு பண்ணினவர் சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதைப் பூங்காவாக்கினது 1940-ல. நடுவுல 159 வருஷம்! இப்போ 247 ஏக்கர் பாதுகாப்புல இருக்கு.

இப்போ மேப்பைத் திருப்புங்க. கடலூருக்குத் தென்மேற்கே நெய்வேலி. அங்கே பழுப்பு நிலக்கரி கிடைக்கறதும் இதே கடலூர் மணற்கல் அடுக்குகளுக்கு நடுவுலதான். அதுவும் ஒரு காலத்துக் காடுதான். இங்கே மரம் கல்லாச்சு, அங்கே கரியாச்சு. 1956-ல நிறுவனம், 1961-ல முதல் நிலக்கரி. நமக்கு கரண்ட் வந்தது. அதுக்காக கிராமங்கள் நிலத்தைக் கொடுத்தன. சுரங்கத்துக்குள்ள தண்ணி பொங்காம இருக்க, இந்த மணற்கல் சேமிச்சு வெச்ச நிலத்தடி நீரை இறைச்சுக்கிட்டே இருக்கணும். 2023 ஜூலைல வளையமாதேவியில, பயிர் நின்ன வயல்ல கால்வாய் வெட்ட இயந்திரங்கள் இறங்கினதை டிவில பார்த்திருப்பீங்க.

கல்மரம் அரசாங்க வேலிக்குள்ள வந்துடுச்சு. அதே பாறை மேல வாழற ஊரும், அதுல ஊர்ற தண்ணியும் இன்னும் பேச்சுவார்த்தையிலதான் இருக்கு. இதை ஏன் வரலாறு எபிசோட்ல பேசறேன்னா, பூங்காவை மட்டும் பார்த்துட்டு வந்தா நாம பாதிக் கதையைத்தான் பார்த்திருப்போம். ஒரு ஞாயிறு திருவக்கரைக்கு மிதிங்க, அடுத்த ஞாயிறு நெய்வேலிப் பக்கம் மிதிங்க.

விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிடுங்க, ரெண்டு பாட்டில் தண்ணி வேணும். பூங்காவுல இருந்து ஒரு சின்னத் துண்டுகூட எடுத்துட்டு வராதீங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!