மார்க்கத்திற்கும் மண்ணுக்கும் இடையே ஒரு கோடு
ஆங்கிலேயர் காலத் திரங்கானு

மலாய்த் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில், தென்சீனக் கடலை நோக்கி நீண்டு கிடக்கும் நாடு திரங்கானு. 1911ஆம் ஆண்டில் அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் மலாய் முஸ்லிம்கள். அந்நாட்டின் கோலா பெராங் என்னும் ஊரில் கிடைத்த பழங்கல்வெட்டு ஒன்று, இஸ்லாமியச் சட்டங்களை அரபெழுத்து மலாயில் தாங்கி நிற்கிறது. அதன் காலம் ஹிஜ்ரி 702, அதாவது கி.பி. 1303 எனப் பலரும் கொள்வர். தமிழை அரபெழுத்தில் எழுதி அரபுத்தமிழ் வளர்த்த நமக்கு, மலாயை அரபெழுத்தில் எழுதும் ஜாவி முறை அயலானதன்று.

இச்சிறு நாட்டை ஆங்கிலேயர் ஆண்ட வரலாற்றில் நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய வினா ஒன்று உண்டு. ஓர் ஆட்சியில் மார்க்கம் எங்கே முடிகிறது? நிருவாகம் எங்கே தொடங்குகிறது? அந்தக் கோட்டைக் கிழிக்கும் உரிமை யாருக்கு உரியது?

மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை பொன்னாலும் வெள்ளியாலும் பூமரங்கள் செய்து சயாம் மன்னருக்கு அனுப்புவது திரங்கானுவின் பழைய வழக்கம். இதனைத் தங்கப் பூ என்பர். 1909 மார்ச் 10ஆம் நாள் பாங்காக்கில் ஆங்கிலேயரும் சயாமியரும் செய்துகொண்ட உடன்படிக்கையால், கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகிய நான்கின் மீதும் சயாம் கொண்டிருந்த உரிமைகள் ஆங்கிலேயர் கைக்கு மாறின. அப்போது திரங்கானுவை ஆண்டவர் சுல்தான் மூன்றாம் ஜைனுல் ஆபிதீன் (1881-1918). 1910இல் அவர் ஆங்கிலேயருடன் ஒப்பந்தம் செய்தபோது, தம் நாட்டில் ஆங்கில முகவர் ஒருவர் தங்குவதற்கு மட்டுமே இசைந்தார். ஆலோசகரை ஏற்றால் அவர் சொற்படி நடக்க வேண்டும். முகவர் சொல்லைக் கேட்டுக்கொண்டால் போதும். இவ்வேறுபாட்டைச் சுல்தான் நன்கு உணர்ந்திருந்தார்.

அடுத்த ஆண்டே, ஹிஜ்ரி 1329இல், அந்நாட்டிற்கு எழுத்திலமைந்த அரசியல் சட்டம் ஒன்றை அவர் வகுத்தளித்தார். 'இத்கானுல் முலூக் பி தஃதீலிஸ் சுலூக்' என்பது அதன் பெயர். நடத்தையைச் சீர்செய்து மன்னர்களைச் செம்மையுறச் செய்தல் என்பது இதன் பொருள். ஜொகூர் அரசு 1895இல் இயற்றிய சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்ட இது, திரங்கானுவை இஸ்லாமிய மலாய் அரசு எனப் பறைசாற்றியது. பெயரிலேயே மன்னனின் ஒழுக்கத்தை முன்னிறுத்திய அச்சட்டம் நம் மதிப்பிற்குரியது.

ஆயினும் ஏட்டிலிருந்த செம்மை நாட்டில் முழுமையாக இல்லை என்பதையும் நாம் மறைக்கலாகாது. மீன்பிடித்தல், கருவாடு, கொப்பரை, நெசவு, படகு கட்டுதல், கெமாமான் பகுதியின் ஈயம் ஆகியவையே மக்களின் வாழ்வாதாரங்கள். பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல்வழி அடைபட்டுவிடும். ஆற்றோரப் பகுதிகளையும் நிலங்களையும் அரச குடும்பத்தாருக்கும் அவையினருக்கும் மன்னர் முத்திரையிட்டு வழங்குவதுண்டு. 'சாப் குர்னியா' எனப்பட்ட இக்கொடையால், பொதுக் கருவூலத்திற்குச் சேரவேண்டியது தனியார் கைக்குப் போயிற்று.

இத்தகைய குறைகளே ஆங்கிலேயருக்கு வாயிலாயின. 1918இல் ஒரு விசாரணைக் குழு அமர்த்தப்பட்டது. 1919 ஒப்பந்தம் முகவரை ஆலோசகராக்கியது. இஸ்லாமிய மார்க்கம் தொடர்பானவை நீங்கலாக, ஏனைய எல்லாவற்றிலும் அவர் அறிவுரைப்படியே சுல்தான் நடக்க வேண்டும் என்றாயிற்று. மறு ஆண்டே சுல்தான் இரண்டாம் முஹம்மது ஷா அரியணை துறந்தார். சுல்தான் சுலைமான் பத்ருல் ஆலம் ஷா பட்டம் ஏற்றார்.

மார்க்கம் ஒருபுறம், நிருவாகம் மறுபுறம் என்ற கோடு இவ்வாறு கிழிக்கப்பட்டது. நிலம் எப்புறம் நின்றது? ஐயமின்றி நிருவாகத்தின் புறமே நின்றது. நில அலுவலகம் வந்தது, பதிவு வந்தது, காட்டை வெட்டி எரித்து மலைநெல் விதைப்பவன் கட்டணம் செலுத்தி அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்ற விதியும் வந்தது. காட்டைக் காக்கவும் வரவைப் பெருக்கவும் இது தேவை என்றனர் அதிகாரிகள். குடியானவனோ, தன் பாட்டனார் கேளாத அனுமதியைத் தான் ஏன் கேட்க வேண்டும் என்று திகைத்தான்.

அவனுக்காக வாதாட முன்வந்தவர் ஹாஜி அப்துர் ரஹ்மான் லிம்போங் என்னும் ஆலிம். சீட்டின்றிப் பயிரிட்டவர்கள் மீது 1922இல் வழக்குத் தொடரப்பட்டபோது, அவர்கள் சார்பில் அவர் நீதிமன்றத்தில் நின்றார். நிலம் அல்லாஹ்வுக்குரியது, அதை உழைத்துப் பண்படுத்துவோனைத் தடுக்கலாகாது என்பது அவர் நிலை. இதன் வேரை ஃபிக்ஹு நூல்களில் நாம் காணலாம். தரிசாய்க் கிடக்கும் நிலத்தை உயிர்ப்பித்தல், அதாவது இஹ்யாவுல் மவாத், அங்குத் தனிப் பாடமாகவே உள்ளது. உயிர்ப்பிப்பவனுக்கு ஆட்சியாளரின் அனுமதி தேவை என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. தேவையில்லை என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் கருத்து. மலாய் மக்கள் ஷாஃபிஈ மத்ஹபினர். ஆகவே அலுவலகம் எதனை வரிவிதி எனக் கண்டதோ, அதனைக் குடியானவன் மார்க்கச் சட்டத்தில் கைவைப்பதாகக் கண்டான்.

1928 மே மாதம் உழவர்கள் கிளர்ந்தெழுந்தனர். கோலா பெராங்கில் அரசு அலுவலகங்களைக் கைப்பற்றினர். கோலா தெலெமோங்கில் காவற்படையின் துப்பாக்கிச் சூட்டில் பலர் மடிந்தனர். ஹாஜி அவர்கள் கைது செய்யப்பட்டு மக்காவிற்கு நாடுகடத்தப்பட்டார். 1929இல் அங்கேயே காலமானார்.

1930களில் டுங்குன் பகுதியின் புக்கிட் பெசியில் ஜப்பானிய நிறுவனமொன்று இரும்புக் கனிமம் அகழ்ந்து தன் நாட்டிற்குக் கப்பலேற்றியது. அதன் மீதான தீர்வை அரசு வருவாயில் பெரும்பங்கு பெற்றது. மலைச்சரிவில் ஒருபிடி நெல் விதைக்கச் சீட்டுக் கேட்ட அதே நிருவாகத்தின் கீழ், இரும்பு மலையே கடல் கடந்தது!

1957ஆம் ஆண்டு மலாயாவின் அரசியல் சட்டம், இஸ்லாமிய மார்க்கத்தையும் நிலத்தையும் ஒருங்கே மாநிலங்களின் பொறுப்பில் வைத்தது. 1919இல் பிரிந்த இரண்டும் ஏட்டளவிலேனும் ஒரு பட்டியலில் சேர்ந்தன. வணக்கத் தலத்தை நம்மிடம் விட்டுவிட்டு வயலை எடுத்துக்கொள்ளும் ஆட்சி, மார்க்கத்தில் தலையிடவில்லை என்று கூறிக்கொள்ளலாம். அக்கூற்று எவ்வளவு உண்மை என்பதைத் தெலெமோங்கின் உழவர்கள் அறிந்திருந்தனர்.