இறக்கத்தில் தெரியும் எஞ்சின்

ஓவேலியில் ஓர் இளைஞன் புது பைக் வாங்கப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம்.

ஊர் எங்கே இருக்கிறது என்கிறீர்களா? நீலகிரியில், கூடலூருக்குப் பக்கத்தில். பெயரில் இருக்கும் 'வேலி' நம்முடைய முள்வேலி அல்ல. ஆங்கிலத்தில் பள்ளத்தாக்கைச் சொல்கிற வேலி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஆக்டர்லோனி என்கிற பிரிட்டிஷ் குடும்பம் அங்கே காட்டை அழித்துக் காப்பித் தோட்டம் போட்டது. 'ஆக்டர்லோனி வேலி' என்று ஒவ்வொரு தடவையும் முழுசாகச் சொல்வதென்றால் வாய் வலிக்குமா இல்லையா? 'ஓ வேலி' ஆக்கிவிட்டார்கள். பிறகு தேயிலை வந்தது. துரைகள் போனார்கள். அந்த முதலெழுத்து மட்டும் போகவில்லை.

நம் இளைஞனுக்கு வருவோம். அவன் மனசில் இரண்டு வண்டிகள். ஒன்று, 2022-ல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹன்டர். உருண்டை விளக்கு, நிமிர்ந்து உட்காரும் சீட், 349 சிசி, எடை சுமார் 180 கிலோ. இன்னொன்று, 2019-ல் வந்த யமஹா எம்.டி-15. முறைத்துப் பார்க்கும் முகம், சற்றே முன்னால் சாய்ந்த உட்காரல், 155 சிசி, எடை சுமார் 140 கிலோ.

இரண்டையும் பைக் பிரியர்கள் 'நேக்கட்' என்கிற ஒரே ஜாதியில்தான் சேர்ப்பார்கள். விகல்பமாக எதுவும் இல்லை. பந்தய வண்டிகளுக்குக் காற்றைக் கிழிக்க முன்னாலும் பக்கவாட்டிலும் பிளாஸ்டிக் உறை மாட்டுவார்கள் அல்லவா? அந்த உறை இல்லாமல், எஞ்சின் வெளியே தெரிய நிற்கிற வண்டி நேக்கட். அவ்வளவுதான். ஒரு காலத்தில் மோட்டார் சைக்கிள் என்றாலே அப்படித்தான் இருந்தது. உடுப்பு வந்தபிறகுதானே உடுப்பில்லாததற்கு ஒரு பெயர் வேண்டியிருக்கிறது! 1993-ல் இத்தாலியின் டுகாட்டி கம்பெனி 'மான்ஸ்டர்' என்று ஒரு வண்டியை விற்பனைக்கு விட்ட பிறகு, உறையில்லாமல் இருப்பதே ஒரு ஸ்டைல் ஆகிவிட்டது.

சரி, இரண்டில் எது? நண்பர்களைக் கேட்டால் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுவார்கள். புதுசாக ஒன்றும் இல்லை. அவர்களுடைய தாத்தாக்களும் இதே சண்டையைப் போட்டிருக்கிறார்கள். அப்போது கேள்வி இப்படி இருந்தது: மெட்ராஸா, மைசூரா?

மெட்ராஸ் என்றால் புல்லட். மைசூர் என்றால் ஜாவா. பிற்பாடு அதுவே எஸ்டி.

கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து பார்த்துவிடலாம். இங்கிலாந்தில் ரெட்டிச் என்று ஓர் ஊர். ஊசி செய்வதற்குப் பேர் போன இடம். அங்கே சைக்கிளும் பிறகு மோட்டார் சைக்கிளும் செய்த கம்பெனி, என்ஃபீல்டில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரி பாகங்கள் சப்ளை செய்தது. அந்தப் பெருமையில் 'ராயல் என்ஃபீல்டு' என்று பெயர் வைத்துக்கொண்டு, 'துப்பாக்கி மாதிரி செய்யப்பட்டது' என்று விளம்பரமும் செய்தார்கள். வண்டிக்கு புல்லட் என்று பெயர் வைத்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

இந்தப் பக்கம் செக்கோஸ்லோவாகியா. பிராக் நகரில் ஃபிரான்டிஷெக் யானெச்செக் என்று ஒருவர். அவர் நிஜமாகவே ஆயுதத் தொழிற்சாலை நடத்தியவர். யுத்தம் இல்லாத காலத்தில் ஆயுதத்தை யார் வாங்குவார்கள்? 1929-ல் வாண்டரர் என்கிற ஜெர்மன் கம்பெனியின் மோட்டார் சைக்கிள் உரிமையை வாங்கினார். தன் பெயரில் முதல் இரண்டு எழுத்து, வாண்டரரில் முதல் இரண்டு எழுத்து, சேர்த்தால் ஜாவா. இரண்டாம் உலகப்போரில் ஹிட்லரின் படை அந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்தபோது, ஜாவாவின் எஞ்சினீயர்கள் யுத்தம் முடிந்தபிறகு விற்பதற்கான 250 சிசி வண்டி ஒன்றை ரகசியமாகவே வடிவமைத்து முடித்தார்கள். துணிச்சலைப் பாருங்கள்!

ஆக, துப்பாக்கி வாசனையுள்ள இரண்டு கம்பெனிகள். இரண்டும் தென்னிந்தியாவுக்கு எப்படி வந்து சேர்ந்தன?

1949-ல் கே.ஆர். சுந்தரம் ஐயர் 'மெட்ராஸ் மோட்டார்ஸ்' ஆரம்பித்து பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களை இறக்குமதி செய்துகொண்டிருந்தார். இந்திய ராணுவத்துக்கு எல்லையில் ரோந்து சுற்ற ஓர் உறுதியான வண்டி தேவைப்பட்டது. புல்லட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால், சுதந்திர இந்தியா எத்தனை நாளைக்கு வெளிநாட்டு வண்டியை வாங்கிக்கொண்டிருக்கும்? இங்கேயே செய் என்றது சர்க்கார். 1955-ல் ரெட்டிச்சும் மெட்ராஸும் கைகோத்து 'என்ஃபீல்டு இந்தியா' பிறந்தது. திருவொற்றியூரில் தொழிற்சாலை. முதலில் இங்கிலாந்திலிருந்து பாகங்கள் பெட்டியில் வரும், இங்கே மாட்டுவார்கள். பிறகு பாகங்களும் இங்கேயே.

அடுத்த சில வருஷங்களில் மைசூர். பம்பாயைச் சேர்ந்த இரானி குடும்பம் செக் நாட்டுடன் ஒப்பந்தம் போட்டு 'ஐடியல் ஜாவா' கம்பெனியைத் தொடங்கியது. 1961-ல் வண்டிகள் வெளியே வர ஆரம்பித்தன. எழுபதுகளில் ஜாவா என்ற பெயர் போய், எஸ்டி என்ற பெயர் வந்தது.

கூடலூர்க்காரர்களுக்கு மைசூர் 110 கிலோமீட்டர் சொச்சம்தான். முதுமலை, பந்திப்பூர் காட்டைத் தாண்டினால் குண்டல்பேட்டை, அப்புறம் மைசூர். மெட்ராஸ் ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேலே. ஊர்ப்பாசம் என்று பார்த்தால் தமிழ்நாட்டு வண்டி புல்லட். பக்கத்து வீட்டுக்காரன் என்று பார்த்தால் ஜாவா! தேயிலை எஸ்டேட்டில் மலை மலையாக ஏறி இறங்க வேண்டிய 'சின்ன துரை' எனப்படும் அசிஸ்டென்ட் மேனேஜர்களுக்கு இந்த இரண்டும்தான் தோழர்கள்.

விஷயம் இனிமேல்தான் இருக்கிறது. இந்த இரண்டு வண்டிக்கும் வித்தியாசம் விளக்கிலோ டாங்கிலோ இல்லை. எஞ்சினின் குணத்தில் இருந்தது.

புல்லட் ஃபோர் ஸ்ட்ரோக். காற்றை இழு, அழுத்து, வெடி, புகையைத் தள்ளு என்று நாலு வேலை. அதற்காக எஞ்சின் இரண்டு சுற்று சுற்றும். இரண்டு சுற்றுக்கு ஒரு வெடி. அதுதான் அந்தப் பிரபலமான 'டுக்... டுக்... டுக்'. 346 சிசி, 18 குதிரை சக்தி, எடை 160 கிலோவுக்கும் மேலே.

ஜாவா டூ ஸ்ட்ரோக். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடி. வால்வு கிடையாது, எஞ்சினில் அசையும் பாகங்கள் குறைவு. 250 சிசி, சுமார் 130 கிலோ. கியர் போடுகிற லீவரைத் திருப்பினால் அதுவே கிக்கர்! முறுக்கினால் சுறுக்கென்று பாயும். டூ ஸ்ட்ரோக்குக்குத் தனியாக எஞ்சின் ஆயில் கிடையாது. பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். பெட்ரோல் உள்ளே போகும்போது ஆயிலும் போய் பிஸ்டனை நனைக்கும். இந்த ஒரு வரியை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

சமவெளிக்காரர்களுக்கு எது வாங்கினாலும் பெரிய வம்பில்லை. மலையில் கதையே வேறு. கூடலூர் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் உயரம். ஐம்பது கிலோமீட்டர் தள்ளி ஊட்டி, 2,200 மீட்டருக்கும் மேலே. ஏறும்போது எஸ்டிக்காரருக்குக் கொண்டாட்டம். இலகுவான வண்டி, வளைவுக்கு வளைவு புல்லட்டைச் சீண்டிவிட்டுப் போகலாம். நடுவட்டத்தில் டீ குடித்துக்கொண்டே புல்லட்காரருக்காகக் காத்திருக்கலாம்.

சரி, ஏறியாச்சு. இறங்க வேண்டாமா?

இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை மூடிவிடுகிறீர்கள். புல்லட்டில் என்ன நடக்கும்? மூடிய வாயிலில் காற்றை இழுக்க எஞ்சின் திணறும். அந்தத் திணறல் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். செகண்ட் கியரில் போட்டுவிட்டால் எஞ்சினே பாதி பிரேக். டூ ஸ்ட்ரோக்கில் இந்தப் பிடிமானம் ரொம்பக் குறைச்சல். வண்டி அவிழ்த்துவிட்ட மாடு மாதிரி ஓடும். எல்லாப் பாரமும் பிரேக்கின் தலையில். அந்தக் கால டிரம் பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தினால் சூடேறும். சூடேறினால் பிடி தளரும். எங்கே? கொண்டை ஊசி வளைவில்!

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆக்ஸிலேட்டரை மூடினால் பெட்ரோல் குறைகிறது. பெட்ரோல் குறைந்தால்? அதோடு வருகிற ஆயிலும் குறைகிறது. சக்கரமோ எஞ்சினை வேகமாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எண்ணெய் இல்லாமல் சுற்றும் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். மெக்கானிக் பாஷையில் 'சீஸ்' ஆவது. பின்சக்கரம் அப்படியே நின்றுவிடும். தேயிலைச் சரிவில், மழை ஈரத்தில், பின்சக்கரம் திடீரென்று நின்றால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் விவரம் தெரிந்த டூ ஸ்ட்ரோக் ஓட்டிகள் நீண்ட இறக்கத்தில் அவ்வப்போது ஆக்ஸிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்கிவிடுவார்கள். பார்ப்பவர்களுக்கு அது அலட்டல். எஞ்சினுக்கு அது ஒரு வாய் எண்ணெய்.

அப்படியானால் புல்லட்தான் ஜெயித்ததா? அவசரப்படாதீர்கள். புல்லட்டுக்கும் வியாதிகள் உண்டு. ஆயில் ஒழுகும். உதைக்கிற விதத்தில் உதைக்காவிட்டால் கிக்கர் திருப்பி உதைக்கும், கணுக்கால் போய்விடும். சேற்றில் சாய்ந்தால் தூக்க ஆள் தேட வேண்டும். எஸ்டியில் நின்றுபோனால் கையில் நாலு ஸ்பேனர் இருந்தால் போதும் என்று சத்தியம் செய்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

சண்டையைத் தீர்த்து வைத்தது மூன்றாவது ஆள். எண்பதுகளில் ஜப்பான்காரர்கள் வந்தார்கள். 1984-ல் ஓசூரிலிருந்து இன்ட்-சுசூகி. 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100, அதே வருஷம் யமஹா ஆர்எக்ஸ் 100. கவனித்தீர்களா? இங்கேயும் அதே இரண்டு கட்சி! ஆர்எக்ஸ் டூ ஸ்ட்ரோக், சிடி ஃபோர் ஸ்ட்ரோக். ஒன்று வேகத்துக்கு, மற்றது மைலேஜுக்கு. 'ஊற்று, மூடு, மற' என்று ஹீரோ ஹோண்டா செய்த விளம்பரம், பெட்ரோல் விலைக்குப் பயந்த நடுத்தர வர்க்கத்தின் நெஞ்சில் நேராகப் போய் இறங்கியது.

டூ ஸ்ட்ரோக்கில் ஒரு பகுதி பெட்ரோல் எரியாமலே சைலன்ஸர் வழியாக வெளியேறிவிடும். பாக்கெட்டுக்கும் நஷ்டம், ஊருக்கும் புகை. 1991-ல் அரசாங்கம் புகைக்கு வரம்பு வைத்தது. 1996-லும் 2000-லும் அதை இறுக்கியது. மைசூர் தொழிற்சாலை 1996-ல் மூடப்பட்டது. மெட்ராஸ் புல்லட்டும் சௌக்கியமாக இருந்துவிடவில்லை. தள்ளாடிக்கொண்டிருந்த என்ஃபீல்டு இந்தியாவை 1994-ல் ஐஷர் கம்பெனி வாங்கிய பிறகு, மெதுவாகத்தான் எழுந்து நடந்தது.

2018-ல் மஹிந்திராவின் ஆதரவோடு ஜாவா திரும்பி வந்தது. 2022-ல் எஸ்டியும். பழைய டாங்க், பழைய பெயர், இரட்டை சைலன்ஸர் எல்லாம் இருந்தன. உள்ளே மட்டும் ஃபோர் ஸ்ட்ரோக்! அறுபது வருஷச் சண்டை இப்படி முடிந்தது. தோற்றவர் ஜெயித்தவரின் எஞ்சினைப் போட்டுக்கொண்டு வந்தார்.

இப்போது ஓவேலி இளைஞனின் இரண்டு வண்டிகளைத் திரும்பப் பாருங்கள். ஹன்டரின் இழுவிசை 27 நியூட்டன் மீட்டர், அதுவும் நிமிஷத்துக்கு 4,000 சுற்றிலேயே. எம்.டி-க்கு 14 சொச்சம், 7,500 சுற்றில். ஒன்று நிதானமாக இழுக்கும், மற்றது முறுக்கினால் பாயும். தாத்தா காலத்து மெட்ராஸும் மைசூரும்தான், வேறு சட்டை போட்டுக்கொண்டு!

ஆனால், ஒரு நல்ல வித்தியாசம். இரண்டுமே ஃபோர் ஸ்ட்ரோக். சீஸ் பயம் போச்சு. 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகள் எல்லாவற்றுக்கும் 2019 ஏப்ரலிலிருந்து ஏபிஎஸ் கட்டாயம். ஈரத்தில் பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது பார்த்துக்கொள்ளும். ஆனால், ஓட்டுகிறவர் நியூட்ரலில் போட்டுவிட்டுப் பெட்ரோல் மிச்சம் பிடித்தால் எந்த எஞ்சினாலும் காப்பாற்ற முடியாது. ஏறின கியரிலேயே இறங்கு என்பது மலை டிரைவர்களின் பழைய சட்டம். அதற்கு மட்டும் புது மாடல் வரவில்லை.

ஷோரூமில் எல்லோரும் கேட்பது பிக்கப்பும் டாப் ஸ்பீடும். இரண்டுமே ஏறுகிறவன் கேட்கும் கேள்வி. நீங்கள் மலையில் இருப்பவரோ, மலைக்குப் போகிறவரோ, டெஸ்ட் ரைடு கேட்கும்போது ஓர் இறக்கத்தில் கேளுங்கள். செகண்ட் கியரில் போட்டு, ஆக்ஸிலேட்டரை மூடி, வண்டி உங்களை எவ்வளவு தூரம் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று பாருங்கள். கலரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.