டீசல் பிக்கப்பை நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்றுதல்

பின்சக்கரங்களின் உந்தலில் மட்டும் ஓடும்படி தொழிற்சாலையில் கட்டப்பட்ட டீசல் பிக்கப் டிரக்கில், முன் அச்சுக்கும் எஞ்சின் விசை போகும்படி செய்யும் மாற்றுவேலை இது. அமெரிக்காவிலும் கனடாவிலும் தனி ஒர்க்‌ஷாப்புகளும், வீட்டுக் கொட்டகையில் தாமே வேலை பார்க்கும் வண்டிக்காரர்களும் இதைச் செய்துவருகின்றனர். கியர்பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற ஒரு பெட்டியும் முன்பக்கம் ஒரு ஷாஃப்ட்டும் கூடுதலாக மாட்டினால் போதும் என்று முதலில் தோன்றும். உண்மையில் எஞ்சினுக்குக் கீழே முன்பக்கத்தில் இருப்பது ஏறக்குறைய எல்லாமே மாறுகிறது. வேலையின் அளவு வண்டிக்கு வண்டி வேறுபடும். இங்கே 1999 முதல் 2004 வரையிலான ஃபோர்டு சூப்பர் டியூட்டி எஃப்-250, எஃப்-350 வண்டிகள் முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றன.

அமெரிக்காவில் நான்கு சக்கர பிக்கப்பின் வரலாறே மாற்றுவேலையில்தான் தொடங்குகிறது. 1931-இல் தோன்றிய மார்மன்-ஹெரிங்டன் நிறுவனம் 1930-களின் நடுவிலிருந்து ஃபோர்டு டிரக்குகளை வாங்கி, முன் அச்சுக்கும் விசை கொடுத்து விற்றது. போருக்குப் பின் மினியாபொலிஸ் நகரின் நாப்கோ நிறுவனம் செவ்ரோலே, ஜிஎம்சி பிக்கப்புகளுக்கு மாற்றுத் தொகுப்புகளை விற்றது. டாட்ஜின் பவர் வேகன் 1946-இலேயே தொழிற்சாலையிலிருந்து நான்கு சக்கர இயக்கத்தோடு வந்தது. செவ்ரோலே 1957-இலும் ஃபோர்டு 1959-இலும் அதைத் தாமே கொடுக்கத் தொடங்கின. அதன்பிறகு வெளியாரிடம் மாற்றிக்கொள்ளும் தேவை குறைந்தது.

இன்று இந்த வேலைக்கு மிகவும் நியாயமான காரணம் துரு. வடக்கு மாநிலங்களில் குளிர்காலத்தில் சாலையில் உப்பைத் தூவுகிறார்கள். அங்கு ஓடிய நான்கு சக்கர வண்டிகளின் சேஸியும் கேபின் அடிப்பாகமும் அரித்துப்போகின்றன. டெக்சாஸ், அரிசோனா போன்ற வறண்ட தெற்கு மாநிலங்களில் துருப்பிடிக்காத வண்டிகள் கிடைக்கும். ஆனால் பனியில்லாத ஊரில் பின்சக்கர இயக்கமே போதும் என்று வாங்கியவர்கள் அதிகம். நல்ல உடலும் நல்ல டீசல் எஞ்சினும் ஒரு வண்டியில், தேவையான அச்சு இன்னொரு துருவேறிய வண்டியில் என்ற நிலையில்தான் இரண்டையும் சேர்க்கும் எண்ணம் பிறக்கிறது. சூப்பர் டியூட்டியில் இதற்கு இன்னொரு தூண்டுதலும் உண்டு. நவிஸ்டார் நிறுவனம் செய்துகொடுத்த 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் வி8 எஞ்சின் 2003 மாடலோடு நின்றுபோனது. அடுத்து வந்த 6.0 லிட்டர் எஞ்சின் ஹெட் கேஸ்கெட், இ.ஜி.ஆர். கூலர் கோளாறுகளுக்குப் பேர்போனது. அதனால் பழைய 7.3 ஓடும் நிலையில் கையில் இருந்தால், வண்டிக்காரர் அதை எளிதில் விடுவதில்லை.

முன்பக்கம்

பின்சக்கர சூப்பர் டியூட்டியின் முன் சஸ்பென்ஷன் 'ட்வின் ஐ-பீம்' எனப்படும். ஃபோர்டு 1965-இல் அறிமுகப்படுத்திய அமைப்பு அது. முன்பக்கம் முழு அச்சு கிடையாது. இரண்டு கனத்த இரும்பு விட்டங்கள் உண்டு. இடச் சக்கரத்தைத் தாங்கும் விட்டம் வலப்பக்கத்திலும், வலச் சக்கரத்தின் விட்டம் இடப்பக்கத்திலும் கீல்கொண்டு ஆடும். அந்தக் கீல்கள் எஞ்சினுக்குக் கீழே குறுக்காக ஓடும் கிராஸ்மெம்பரில் பொருந்தியிருக்கும். மேலே சுருள் ஸ்பிரிங், பின்னோக்கி நீளும் ரேடியஸ் ஆர்ம் இரண்டு. சாதாரணச் சாலைக்கு உறுதியான, எளிய அமைப்பு.

அதே ஆண்டுகளின் நான்கு சக்கர வண்டியில் இவற்றுள் ஒன்றுமே இல்லை. நடுவே டிஃபரன்ஷியல் உள்ள முழு அச்சு ஒன்று, இருபுறமும் பட்டை ஸ்பிரிங்குகளில் யு-போல்ட்டால் கட்டப்பட்டிருக்கும். ஐ-பீம்களைத் தாங்கிய கிராஸ்மெம்பர் இருக்கும் இடத்தில்தான் புதிய அச்சு மேலும் கீழும் ஆட வேண்டும். ஆகவே எஞ்சினைச் சங்கிலியில் தொங்கவிட்டு, பழைய கிராஸ்மெம்பரை எடுத்து, நான்கு சக்கர வண்டியின் கிராஸ்மெம்பரை வைக்க வேண்டியிருக்கிறது. சுருள் ஸ்பிரிங் இருக்கைகளும் ரேடியஸ் ஆர்ம் பிராக்கெட்டுகளும் போய், பட்டை ஸ்பிரிங்கின் இரு முனைகளையும் பிடிக்கும் பிராக்கெட்டுகள் வருகின்றன. தொழிற்சாலை இவற்றை ரிவெட் அடித்துப் பொருத்தியிருக்கும். ரிவெட் தலைகளை வெட்டி, துளையிட்டு எடுத்து, புதியவற்றை கிரேடு 8 போல்ட்டுகளால் இறுக்குவது வழக்கம். இந்த இடத்தில் அவசர வெல்டிங் செய்த வண்டிகள் சந்தைக்கு வருவதுண்டு. அவற்றை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் அடியில் படுத்துப் பார்ப்பது நல்லது.

அச்சு பெரும்பாலும் டானா 50 அல்லது டானா 60 ஆக இருக்கும். டானா 50-இன் கிரவுன் சக்கரம் 9 அங்குலம், டானா 60-இல் 9.75 அங்குலம். கனமான டீசல் வண்டிக்கு டானா 60 மேல். ஆனால் கிடைத்த டானா 50 நல்ல நிலையில் இருந்தால் அதை ஒதுக்கத் தேவையில்லை. இரண்டையும்விட முக்கியம் ஸ்பிரிங். 7.3 லிட்டர் எஞ்சின் மட்டுமே 400 கிலோவைத் தாண்டும். பெட்ரோல் வண்டியிலிருந்து எடுத்த முன் ஸ்பிரிங்கைப் போட்டால் மூக்கு தாழ்ந்து, பம்ப் ஸ்டாப்பில் இடித்துக்கொண்டே ஓடும். அச்சை எந்த வண்டியிலிருந்து எடுத்தாலும், ஸ்பிரிங் டீசல் வண்டியினுடையதாக இருக்க வேண்டும்.

ஃபோர்டில் முன் டிஃபரன்ஷியல் ஓட்டுநர் அமரும் இடப்பக்கம் தள்ளியிருக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன்னோக்கி வரும் ஷாஃப்ட்டும் அதே பக்கம். முழு அச்சு கொண்ட பழைய ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் அது வலப்பக்கம் இருக்கும். பழைய வண்டி யார்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வேறு கம்பெனி அச்சை வாங்கி வந்தவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள். சக்கர போல்ட் வட்டமும் பார்க்க வேண்டியது: 1999 முதல் சூப்பர் டியூட்டிக்கு 170 மில்லிமீட்டர் வட்டத்தில் எட்டு போல்ட். அதற்கு முந்தைய ஃபோர்டு அச்சுகளின் வட்டம் வேறு. முன்னும் பின்னும் வெவ்வேறு ரிம், ஸ்டெப்னி இரண்டு என்ற தொல்லை வரும்.

ஸ்டீயரிங் பக்கம் பிட்மன் ஆர்ம், டிராக் லிங்க், டை ராட் எல்லாம் அச்சோடு வர வேண்டும். அச்சு முன்பைவிடத் தாழத் தொங்குவதால் பிரேக் ஹோஸ்களும் நான்கு சக்கர வண்டிக்கு உரிய நீளத்தில் தேவை. முன்பக்கம் உயர்ந்துவிட்டதால் பின் அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் உயரமான பிளாக் வைத்து வண்டியைச் சமப்படுத்துகிறார்கள்.

கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும்

பணமும் நேரமும் அதிகம் போகும் இடம் இது. பின்சக்கர வண்டியின் கியர்பாக்ஸ் ஒரு நீண்ட வால் உறையோடு முடிந்து, அங்கிருந்து நேராகப் பின் ஷாஃப்ட்டுக்கு விசை கொடுக்கும். நான்கு சக்கர வண்டியில் அந்த வால் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸை போல்ட் செய்யும் முகமும், அதற்குள் நுழையும் வேறு வெளியீட்டு ஷாஃப்ட்டும் இருக்கும். 4ஆர்100 தானியங்கி கியர்பாக்ஸிலும் இசட்எஃப் ஆறு கியர் மேனுவலிலும் இதே கதைதான். வெளியீட்டு ஷாஃப்ட்டை மாற்றுவதென்றால் கியர்பாக்ஸை முழுவதும் பிரித்தாக வேண்டும். பழைய பெட்டி எப்படியும் ஓவர்ஹாலுக்கு வந்திருந்தால் அப்போது மாற்றுவதில் பொருள் உண்டு. இல்லையென்றால் நான்கு சக்கர கியர்பாக்ஸையே முழுதாக மாற்றுவது தலைவலியைக் குறைக்கும்.

டிரான்ஸ்ஃபர் கேஸில் இரண்டு வகை: லீவரால் மாற்றும் என்வி271, டாஷ்போர்டு குமிழால் மின்மோட்டார் மாற்றும் என்வி273. இரண்டிலும் லோ ரேஞ்ச் 2.72 மடங்கு. மின் வகைக்கு அதற்கான கட்டுப்பாட்டு மாட்யூல், ஒயரிங், முன் ஹப்புகளை வெற்றிடத்தால் பூட்டும் குழாய்கள் எல்லாம் வேண்டும். தொழிற்சாலையிலேயே அப்படி வந்த வண்டிகளிலும் ஹப் சீல் தேய்ந்து வெற்றிடம் கசிவது வழக்கமான புகார். மாற்றுவேலைக்கு லீவர் வகையும் கையால் திருகிப் பூட்டும் ஹப்புகளுமே தகும். கேபின் தரையில் லீவருக்கு ஒரு துளை போட வேண்டியிருக்கும். பனியில் இறங்கி ஹப்பைத் திருகவும் வேண்டும். பதிலுக்கு, ஒயரிங்கில் கை வைக்கும் வேலை பெரும்பகுதி மிச்சமாகிறது. முற்றிலும் மிச்சமாவதில்லை: தானியங்கி கியர்பாக்ஸ் உள்ள வண்டியில், லோ ரேஞ்ச் போடப்பட்டிருக்கிறது என்ற சிக்னல் எஞ்சின் கம்ப்யூட்டருக்குப் போயாக வேண்டும். வேக சிக்னல் பின் அச்சிலிருந்து வருகிறது. லோ ரேஞ்ச் சிக்னல் இல்லாமல் சக்கர வேகமும் கியர்பாக்ஸ் வேகமும் ஒத்துப்போகாவிட்டால், கியர்பாக்ஸ் வழுக்குவதாகக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும்.

டிரான்ஸ்ஃபர் கேஸ் நுழைந்ததும் பின் ஷாஃப்ட்டின் நீளம் மாறுகிறது. சூப்பர் டியூட்டியின் வீல்பேஸ் கேபினையும் சரக்குத் தொட்டியையும் பொறுத்து 137 முதல் 172 அங்குலம் வரை பலவாறு உண்டு. பாகம் கொடுக்கும் வண்டி அதே வீல்பேஸாக இருந்தால் ஷாஃப்ட் அப்படியே பொருந்தும். இல்லாவிட்டால் ஷாஃப்ட் கடையில் வெட்டி, வெல்டிங் செய்து, பேலன்ஸ் பார்க்க வேண்டும்.

விகிதம்

முன், பின் டிஃபரன்ஷியல்களின் கியர் விகிதம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில் விலக்கு கிடையாது. இவ்வகை டிரான்ஸ்ஃபர் கேஸ் நான்கு சக்கர நிலையில் முன் ஷாஃப்ட்டையும் பின் ஷாஃப்ட்டையும் ஒன்றாகப் பூட்டிவிடுகிறது. நடுவில் விட்டுக்கொடுக்கும் டிஃபரன்ஷியல் இல்லை. சூப்பர் டியூட்டியில் 3.73, 4.10 இரண்டும் பரவலாக உண்டு. பின்னால் 3.73 இருக்க, முன்னால் 4.10 உள்ள அச்சைப் போட்டால், ஷாஃப்ட் ஒரே வேகத்தில் சுற்றும்போது முன் சக்கரங்கள் ஏறத்தாழ 9 விழுக்காடு மெதுவாகச் சுழல முயலும். சேற்றில் டயர் சறுக்கி அந்த வேறுபாட்டை விழுங்கும். கெட்டித் தரையிலோ டிரான்ஸ்ஃபர் கேஸ் சங்கிலி, யுனிவர்சல் ஜாயின்ட், பினியன் என்று எது பலவீனமோ அது உடையும். விகிதம் ஒன்றாகவே இருந்தாலும், திரும்பும்போது முன் சக்கரங்கள் கூடுதல் தூரம் ஓடுவதால் உலர்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர நிலையைப் போடக்கூடாது. அச்சின் மீதுள்ள தகட்டை மட்டும் நம்பாமல், சக்கரத்தைச் சுற்றி ஷாஃப்ட்டின் சுற்றுகளை எண்ணிப் பார்ப்பதே உறுதியான வழி. முந்தைய உரிமையாளர் கியர் மாற்றியிருக்கக்கூடும்.

பிற வண்டிகள்

1989 மாடலில் கம்மின்ஸ் டீசலோடு வந்த டாட்ஜ் பிக்கப்பில் பின்சக்கர வண்டிக்கு 'டி', நான்கு சக்கர வண்டிக்கு 'டபிள்யூ' என்ற எழுத்து உண்டு: டி250, டபிள்யூ250. முன்னதில் சுருள் ஸ்பிரிங்கோடு தனித்தனி சஸ்பென்ஷன், பின்னதில் பட்டை ஸ்பிரிங்கில் முழு அச்சு. 1994-இல் வந்த அடுத்த தலைமுறை டாட்ஜ் ராமில் நான்கு சக்கர வண்டிக்கும் சுருள் ஸ்பிரிங்தான். அச்சை இழுத்துப் பிடிக்கும் ஆர்ம்களுக்கு சேஸியில் துல்லியமான இடத்தில் பிராக்கெட் வேண்டும் என்பதால் வேலை நுட்பமானது. ஃபோர்டும் 2005 மாடலில் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங்குக்கு மாறியது. அதனால் 2005-க்குப் பிந்தைய அச்சு 2004 வரையிலான சேஸிக்கு நேரடியாகப் பொருந்தாது.

செலவும் மாற்று வழிகளும்

பாகங்களை ஒவ்வொன்றாகத் தேடி வாங்குபவர் பெரும்பாலும் நஷ்டப்படுகிறார். ஒரே மாடலுக்குள்ளேயே ஆண்டு நடுவில் ஹப், போல்ட் போன்றவை மாறியிருக்கும். போல்ட் ஒன்றுக்காக வேலை வாரக்கணக்கில் நிற்கும். அதே எஞ்சின், அதே வீல்பேஸ் உள்ள, உடல் கெட்டுப்போன நான்கு சக்கர வண்டி ஒன்றை முழுதாக வாங்கி அதிலிருந்து எடுப்பதே கணக்குக்கு ஒத்துவரும். அப்படி ஒன்று கிடைத்து, அதன் சேஸி அரிக்காமல் இருந்தால், இன்னும் நேரான வழி ஒன்றுண்டு: பின்சக்கர வண்டியின் கேபினையும் தொட்டியையும் தூக்கி அந்தச் சேஸிமேல் வைத்துவிடுவது. பார்க்கப் பெரிய வேலை. ஆனால் ரிவெட் வெட்டுவதும் அளவு பார்ப்பதும் இதில் கிடையாது.

மாற்றிய வண்டியின் எடை கூடுகிறது, அந்த அளவுக்குச் சுமைத்திறன் குறைகிறது, டீசலும் சற்று அதிகம் குடிக்கிறது. ஆண்டுக்குச் சில நாள் பனியில் சறுக்குவதுதான் பிரச்சினை என்றால், பனிக்கால டயரும், பின் அச்சில் இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் ஒரு லாக்கரும், தொட்டியில் மணல் மூட்டையும் போதும். வண்டி சாதாரண நிலையில் இருந்தால், அதை விற்று நான்கு சக்கர வண்டியாகவே வாங்குவது ஏறக்குறைய எப்போதும் மலிவு. இந்த வேலை நியாயப்படுவது, வேறெங்கும் கிடைக்காத உடலும் எஞ்சினும் கையில் இருக்கும்போது மட்டும்தான்.

மாற்றிய வண்டியை அடையாளம் காண்பது எளிது. ஃபோர்டின் 17 இட அடையாள எண்ணில் ஆறாவது, ஏழாவது இடங்களில் 20 அல்லது 30 இருந்தால் அது பின்சக்கர வண்டியாகப் பிறந்தது. 21 அல்லது 31 என்றால் நான்கு சக்கரம். என்ன மாற்றினாலும் அந்த எண் மாறாது. பாகம் வாங்கும்போது கடைக்காரரிடம் வண்டி எண்ணைக் கொடுத்தால் பின்சக்கர வண்டியின் பாகமே வரும். எனவே பாகம் எடுத்த வண்டியின் அடையாள எண்ணையும் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்து வாங்குபவரிடம் அதையும் கொடுக்க வேண்டும்.