ஸ்ரீவில்லிபுத்தூர்னு ஒரு எம்.பி. தொகுதி இருந்துச்சு

எங்க பக்கத்து ரேஷன் கார்டுல மாவட்டம் விருதுநகர்னு இருக்கும். கலெக்டரைப் பார்க்கணும்னா விருதுநகர் பஸ்தான் ஏறணும். ஆனா எம்.பி. ஓட்டு மட்டும் தென்காசிக்கு. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ரெண்டு சட்டமன்றத் தொகுதியும் 2009 தேர்தல்ல இருந்து இப்படித்தான். பட்டணத்து நண்பர்கள்கிட்ட சொன்னா, "அதெப்படி?"ன்னு கேட்கிறாங்க. ஸ்ரீவில்லிபுத்தூர் பேர்லயே ஒரு நாடாளுமன்றத் தொகுதி இருந்துச்சுன்னா இன்னும் ஆச்சரியப்படுவாங்க.

நாடு சந்திச்ச முதல் பொதுத்தேர்தல்ல, 1952-ல், அந்தத் தொகுதியில ஜெயிச்சவர் காமராஜர். அதே தேர்தல்ல ராஜபாளையத்துக்காரர் ஒருத்தர் தோத்தார். அவர் சாதாரண ஆள் இல்லை. 1949-ல இருந்து சென்னை மாகாண முதலமைச்சரா இருந்த பூ.ச. குமாரசாமி ராஜா. முதலமைச்சரா இருந்துக்கிட்டே சட்டமன்றத் தேர்தல்ல தோத்தார். அந்தக் கட்சித் தலைவரை டெல்லிக்கு அனுப்பின ஜில்லா, அதே கட்சி முதலமைச்சரை வீட்டுக்கு அனுப்பிச்சிருச்சு. அந்தக் காலத்து ஜனங்க கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுப் போட்டாங்கன்னு யாராவது சொன்னா, இதைச் சொல்லுங்க.

காமராஜர் டெல்லியில ரொம்ப நாள் இருக்கல. 1954 ஏப்ரல்ல முதலமைச்சர் ஆனார். குடியாத்தம் இடைத்தேர்தல்ல நின்னு சட்டமன்றத்துக்குப் போனார். 1957-ல சாத்தூர் சட்டமன்றத் தொகுதி. ஸ்ரீவில்லிபுத்தூர்ல எம்.பி. ஓட்டுக் கேட்டு அவர் திரும்ப நிக்கலை.

1957-ல இது இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரே தொகுதிக்கு ரெண்டு எம்.பி., அதுல ஒருத்தர் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவரா இருக்கணும். ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு ஓட்டு. அப்போ முத்திரை குத்துற பழக்கமும் கிடையாது. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டி மேல சின்னம். பிடிச்ச பெட்டியில சீட்டைப் போட்டுட்டு வரவேண்டியதுதான். எங்க தாத்தா கடைசி வரைக்கும் காங்கிரஸை "மாட்டுப் பெட்டி"ன்னுதான் சொல்லுவார். இரட்டைக் காளைச் சின்னம்.

அந்தத் தடவை ஜெயிச்ச ரெண்டு பேர், முத்துராமலிங்கத் தேவரும் காங்கிரஸ்காரரான ஆர்.எஸ். ஆறுமுகமும். தேவர் முதுகுளத்தூர் சட்டமன்றத் தொகுதியிலயும் ஜெயிச்சிருந்தார். அதை விட்டுட்டு எம்.பி. பதவியை வச்சுக்கிட்டார். முதுகுளத்தூர்ல ஜூலையில இடைத்தேர்தல் வந்துச்சு. அதுக்கப்புறம் அந்தப் பக்கம் கலவரம். செப்டம்பர் 11-ந் தேதி இமானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். 28-ந் தேதி தேவர் கைதானார். வழக்குல விடுதலையாகி வந்தது 1959 ஜனவரியில. ஸ்ரீவில்லிபுத்தூர் எம்.பி. ஒரு வருஷத்துக்கு மேல ஜெயில்ல இருந்தார்.

1961-ல இரட்டைத் தொகுதிகளை ஒழிச்சு சட்டம் வந்துச்சு. 1962 தேர்தல்ல ஸ்ரீவில்லிபுத்தூர்ங்கிற எம்.பி. தொகுதியே இல்லை. தேவர் அருப்புக்கோட்டையில நின்னு ஜெயிச்சார்.

1967-ல சிவகாசின்னு ஒரு தொகுதி உருவாச்சு. முதல் எம்.பி. சுதந்திராக் கட்சி ராமமூர்த்தி. 1971-லயும் 77-லயும் காங்கிரஸ் ஜெயலட்சுமி. 1980-ல தி.மு.க.-காங்கிரஸ் அலையில அ.தி.மு.க. தமிழ்நாட்டுல ஜெயிச்சது ரெண்டே தொகுதி. கோபிச்செட்டிபாளையம் ஒண்ணு, சிவகாசி இன்னொண்ணு.

நான் முதல் ஓட்டுப் போட்டது 1989-ல. ஓட்டு வயசை 18-ஆக் குறைச்சதால கிடைச்ச ஓட்டு. அப்போ நாங்க சிவகாசித் தொகுதி. காளிமுத்து ஜெயிச்சார். 1996-ல வைகோ நின்னார், கம்யூனிஸ்ட் அழகிரிசாமிகிட்ட தோத்தார். தோத்தவர் திரும்ப வந்தார். 1998-ல ஜெயிச்சார், 1999-லயும் ஜெயிச்சார். 2002 ஜூலையில பொடா சட்டத்துல கைதாகி 19 மாசம் உள்ள இருந்தார். எங்க பக்கத்து எம்.பி. பதவியில இருக்கும்போதே ஜெயிலுக்குப் போனது இது ரெண்டாவது தடவை. 2004-ல அவர் கட்சியைச் சேர்ந்த ரவிச்சந்திரன் வந்தார்.

அப்புறம் 2008 தொகுதி மறுசீரமைப்பு. சிவகாசித் தொகுதி காணாமப் போச்சு, விருதுநகர்னு புதுசா ஒண்ணு வந்துச்சு. ராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் பிரிச்சு தென்காசித் தனித்தொகுதியில சேர்த்தாங்க. சட்டமன்றத்துலயும் ஒரு மாத்தம். அதுவரைக்கும் தனித்தொகுதியா இருந்த ராஜபாளையம் பொதுவாச்சு, பொதுவா இருந்த ஸ்ரீவில்லிபுத்தூர் தனியாச்சு. 2009-ல வைகோ விருதுநகர்ல நின்னு மாணிக்கம் தாகூர்கிட்ட தோத்தார். அவருக்கு ரெண்டு தடவை ஓட்டுப் போட்ட எங்களுக்கு, "சரியாச் செஞ்சீங்க"ன்னோ "போதும் போங்க"ன்னோ சொல்ல வழியில்லை. நாங்க கோட்டுக்கு அந்தப் பக்கம்.

எனக்கு உறுத்துறது இதுதான். ஓட்டுங்கிறது கணக்குப் புத்தகம் மாதிரி. குத்தகைக்காரன்கிட்ட வருஷக் கடைசியில கணக்குக் கேட்கணும்னா, நிலம் நம்ம பேர்ல இருக்கணும்ல? காமராஜர் முதலமைச்சராகிப் போனார். தேவர்கிட்ட கணக்குக் கேட்கிறதுக்குள்ள தொகுதியே போச்சு. வைகோ விஷயத்துலயும் அதேதான். தென்காசியில ஜெயிக்கிறவங்களை நான் குறை சொல்லலை. ஆனா கண்மாய் தூர்வாரணும், ரோடு போடணும்னு மனுக் கொடுக்க கலெக்டர் விருதுநகர்ல, எம்.பி. தென்காசியில. எந்த மனுவுக்கும் ரெண்டு திசையில அலையணும்.

இனி வர்ற மறுசீரமைப்பைப் பத்தி டிவியில தினம் பேசுறாங்க. 2026-க்குப் பிறகு எடுக்கிற முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அதுக்கு அடிப்படை. தமிழ்நாட்டுக்கு எத்தனை சீட்டுங்கிறதுதான் பேச்சு. அது முக்கியம்தான். ஆனா 2008-ல நம்ம சீட்டு எண்ணிக்கை 39-ல இருந்து ஒண்ணு கூடலை, குறையலை. அப்படியிருந்தும் எங்க தொகுதி மாறிப்போச்சு. எண்ணிக்கை மாதிரியே கோடும் முக்கியம்.

வரைவு வெளியானதும் ஆட்சேபம் கேட்பாங்க, கூட்டம் போடுவாங்க. வெளியூர்ல இருக்கிறவங்க அப்போ உங்க சொந்த ஊர் எந்தப் பக்கம் போகுதுன்னு ஒரு தடவை பாருங்க. ஊர்ல இருக்கிற பெருசுகளுக்கு அந்த வரைவை வாசிச்சுக் காட்டுங்க. கோடு போட்டு முடிச்சபிறகு பேசிப் பிரயோஜனம் இல்லை.