பி-17: ஆய்வுக்கூடத்திலிருந்து வாய்க்கால் வரை

கொசுப்புழுவின் குடல் காரத்தன்மை கொண்டது. நம் இரைப்பையில் இருப்பதோ அமிலம். பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்ற நுண்ணுயிரை, சுருக்கமாக பி.டி.ஐ.யை, ஊர் வாய்க்காலில் துணிந்து தெளிக்க முடிவதற்கு இந்த வேறுபாடு ஒரு முக்கியக் காரணம். இந்த நுண்ணுயிர் வித்தாக மாறும்போது, தன் உடலுக்குள்ளேயே புரதப் படிகம் ஒன்றையும் உண்டாக்குகிறது. தண்ணீரில் அகப்பட்டதையெல்லாம் வாய்க்குள் தள்ளும் கொசுப்புழு அதையும் விழுங்குகிறது. காரக் குடலில் படிகம் கரைந்து நஞ்சாகிறது, குடல் சுவரில் துளை விழுகிறது, புழு தின்பதை நிறுத்திவிட்டு ஒரு நாளுக்குள் செத்து மிதக்கிறது. அதே தண்ணீரில் நீந்தும் மீனுக்கோ, அதைக் குடிக்கும் மாட்டுக்கோ ஒன்றும் ஆவதில்லை.

உலகம் இதை அறிந்தது 1976இல். இஸ்ரேலின் நெகெவ் பாலைவனத்தில் ஒரு குட்டையில் கொசுப்புழுக்கள் கூட்டமாகச் செத்துக் கிடந்ததை யோயல் மார்கலித்தும் லியோனார்ட் கோல்ட்பர்கும் கவனித்து, அங்கிருந்து இந்த நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார்கள். 1978இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் டி பர்ஜாக் அதை வகைப்படுத்தினார். அதன்பின் வேலை வேகமாக நடந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் ஆற்றுக்குருடு நோயைப் பரப்பும் கருப்பு ஈக்கள் டெமிஃபாஸ் மருந்துக்குச் சாகாமல் தப்பத் தொடங்கியிருந்தன. அங்கே நடந்துவந்த நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கையில் பணமும் அவசரமும் இருந்ததால், எண்பதுகளிலேயே சாண்டோஸ் போன்ற நிறுவனங்களின் பி.டி.ஐ. அந்த ஆறுகளில் கலக்கப்பட்டது.

புதுச்சேரியில் அதே காலத்தில் யானைக்கால் நோய் பெருங்கவலையாக இருந்தது. தேங்கிய சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பெருகும் கியூலெக்ஸ் கொசுதான் அதைப் பரப்பியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1975இல் இங்கே நிறுவிய நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், அதாவது ஊரார் வி.சி.ஆர்.சி. என்று சொல்லும் ஆய்வுக்கூடம், பி.கே. ராஜகோபாலன் தலைமையில் 1981 முதல் 1985 வரை நகரம் முழுவதையும் களமாக்கி ஒருங்கிணைந்த கொசுக் கட்டுப்பாட்டுத் திட்டம் ஒன்றை நடத்தியது. கிணற்றில் மீன் விடுவது, தேங்கும் நீரை வடிப்பது என்று பல வழிகளும் அதில் சேர்ந்திருந்தன. மருந்து தெளிப்பதை மட்டும் நம்பிய காலத்தில் அது துணிச்சலான முடிவு.

அந்தச் சூழலில்தான் எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த மையத்தின் கே. பாலராமன் குழுவினர் உள்நாட்டிலேயே பி.டி.ஐ.யின் ஓர் இனத்தைப் பிரித்தெடுத்தார்கள். வி.சி.ஆர்.சி. பி-17 என்று அதற்கு அடையாளம் இட்டார்கள். கட்டுரை வெளிவந்தது. பல கண்டுபிடிப்புகளின் கதை அந்த இடத்தோடு முடிந்துவிடும். பி-17க்கு அங்கேதான் பெரிய வேலையே காத்திருந்தது.

குடுவையில் ஒழுங்காக வளரும் நுண்ணுயிர், பெரிய ஃபெர்மென்டரில் அப்படியே வளரும் என்று உறுதி சொல்ல முடியாது. காற்று போதாவிட்டால் வித்து சரியாக உருவாகாது. வித்து உருவாகாவிட்டால் படிகம் இல்லை. படிகம் இல்லாத சரக்கு வெறும் கஞ்சி. உலர்த்தும்போது சூடு மிஞ்சினால் புரதம் கெடும். வைரஸ் புகுந்தால் ஒரு தொகுதி முழுவதும் பாழ். உணவூட்டத்தின் விலையும் பார்க்க வேண்டும். வாய்க்காலில் ஊற்றப்போகும் பொருளுக்கு மருந்துக் கம்பெனிச் செலவு கட்டாது. கோழிக்கடையில் வீணாகும் இறகைக் கூட வி.சி.ஆர்.சி.யில் நுண்ணுயிருக்கு உணவாக்கிப் பார்த்திருக்கிறார்கள். எனக்கு இந்த ஆய்வின்மேல் தனி மரியாதை உண்டு. விலையைக் குறைப்பதும் விஞ்ஞானம்தான் என்று எண்ணியவர்களால்தான் அதைச் செய்ய முடியும்.

பிறகு அளவை. பி.டி.ஐ. பொடியில் எத்தனை வித்து இருக்கிறது என்று எண்ணிப் பயனில்லை. புழுவைக் கொல்கிறதா என்பதே கேள்வி. கோப்பையில் தண்ணீர் ஊற்றி, வளர்ந்த புழுக்களில் இருபத்தைந்தை எண்ணி விட்டு, அளந்த மருந்தைக் கலந்து, 24 மணி நேரம் கழித்துச் செத்தவற்றை எண்ணுவார்கள். பல அளவுகளில், பல கோப்பைகளில், திரும்பத் திரும்ப. கிடைக்கும் எண்ணைப் பாஸ்டர் நிறுவனத்தின் ஐ.பி.எஸ்.-82 என்ற மாதிரிப் பொடியோடு ஒப்பிடுவார்கள். அதன் வீரியம் மில்லிகிராமுக்கு 15,000 அலகு. கண் வலிக்கும் வேலை இது. புழுவின் எந்தப் பருவம் எது, எது செத்தது, எது மயங்கிக் கிடக்கிறது என்று பழகிய கண்தான் சொல்லும். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் இந்த மையம் நடத்தும் பொது சுகாதாரப் பூச்சியியல் முதுகலைப் படிப்பு அந்தக் கண்ணைத்தான் உருவாக்குகிறது. தொழில்நுட்பத்தைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடலாம், இந்தப் பழக்கத்தைக் கொடுக்க ஆள் வேண்டும். பல்கலைக்கழகத்துக்கும் ஆலைக்கும் நடுவே உண்மையான பாலம் எது என்று என்னைக் கேட்டால், ஒப்பந்தத்தை அல்ல, இந்த மாணவர்களைத்தான் காட்டுவேன்.

ஒப்பந்தங்களும் வந்தன. பி-17 உற்பத்தி முறைக்கு உரிமம் பெற்ற நிறுவனங்கள் ஒன்றிரண்டல்ல. இந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் அந்த வரிசையில் எச்.ஐ.எல். சேர்ந்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது. டி.டி.டி. தயாரிப்பதற்கென்றே 1954இல் மத்திய அரசு தொடங்கிய இந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ்தான் அது. உலகின் பெரும்பாலான நாடுகள் டி.டி.டி. உற்பத்தியைக் கைவிட்ட பிறகும் தொடர்ந்து தயாரித்த ஆலை, ஒரு நுண்ணுயிரை வளர்க்கக் கற்றுக்கொள்ள முன்வந்தது. அதற்கு ஆய்வகமும் பொதுத்துறையும் ஒரே அரசின் கீழ் இருந்தது உதவியது என்றே நினைக்கிறேன்.

ஆனால் இந்தப் பொருளுக்குச் சந்தை என்பது வேறு மாதிரி. கடையில் கொசுவத்திச் சுருள் கேட்பவர் பி.டி.ஐ. கேட்பதில்லை. இதை வாங்குவது பெரும்பாலும் நகராட்சியும் சுகாதாரத் துறையும்தான். டெண்டரில் குறைந்த விலை சொன்னவருக்கே ஆர்டர். தண்ணீரின் மேல்மட்டத்தில் உணவெடுக்கும் புழுவுக்கு எட்டாமல் படிகம் அடியில் படிந்துவிடும். வெயில் அதன் வீரியத்தைத் தின்னும். சாக்கடை எவ்வளவு அழுக்கோ அவ்வளவு மருந்து கூடுதலாக வேண்டும். கூட்டுப்புழு உண்பதில்லை என்பதால் அதற்கு இது பலிக்காது. அதனால் ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு ஊழியர் ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே வாய்க்காலுக்குத் திரும்பி வரவேண்டும். வீரியம் குறைந்த பொடியை அவர் தெளித்தாலும் பார்ப்பவர்க்கு வேறுபாடு தெரியாது. கொசு கடிக்கும்போதுதான் தெரியும். அப்போது குறைசொல்லப்படுவது அந்த ஊழியர்.

டெண்டர் படிவத்தில் விலைக்குப் பக்கத்தில் வீரிய அலகையும் கேட்க வேண்டும், வந்திறங்கும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். அதற்குத் தேவையானவை கோப்பைகள், புழுக்கள், ஒரு நாள் அவகாசம், பழகிய ஒரு ஜோடிக் கண்கள். புதுச்சேரியில் இவை நான்கும் வி.சி.ஆர்.சி. இருக்கும் இந்திரா நகரிலேயே கிடைக்கும்.