அரிசி கொடுத்த சீமை

ஆலங்குடி என்றதும் குரு பகவானை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் வாசகர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அது வேறு ஆலங்குடி. நான் சொல்லுவது புதுக்கோட்டைக்குக் கிழக்கே இருக்கும் ஆலங்குடி. புதுக்கோட்டை தனி சமஸ்தானமாக இருந்த காலத்தில் குளத்தூர், திருமயம், ஆலங்குடி என்று அதற்கு மூன்றே தாலுகாக்கள். 1948 மார்ச்சு மாதத்தில் சமஸ்தானம் இந்திய யூனியனோடு சேர்ந்தது. ராஜ்யம் போயிற்று, ராஜ்யத்தைப் பற்றிய வழக்கு மட்டும் போகவில்லை.

அந்த வழக்கைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் தெருப் பெண் ஒருத்தி என்னிடம் வந்தாள். எம்.ஏ. சரித்திரம் படிக்கிறாள். பல்கலைக்கழகத்துக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டும். எடுத்துக்கொண்ட விஷயம் 1749 முதல் 1754 வரை நடந்த இரண்டாம் கர்நாடக யுத்தம்.

"விடுதியிலே என்னைக் காட்டிக் கொடுத்த சீமைக்காரின்னு கேலி பண்றாங்க, மாமா. கட்டபொம்மனைப் பிடிச்சது நம்ம சீமையிலேதானே? அதுக்கு அம்பது வருஷம் முன்னாலேயே தொண்டைமான் வெள்ளைக்காரனுக்கு அரிசி அனுப்பியிருக்கார். எதுக்காக அனுப்பினார்னு தெரியாம நான் ஒரு வரி எழுதமாட்டேன்" என்றாள்.

கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. கேலிக்குப் பதில் சொல்லப் புறப்பட்டவள், பதிலை முதலில் முடிவு செய்துகொண்டு ஆதாரம் தேடவில்லை. நான் பட்டம் வாங்காதவன். கதை எழுதிப் பிழைக்கிறவன். ஆனாலும் அவளோடு சேர்ந்து இரண்டு மாதம் பழைய புத்தகங்களில் அலைந்தேன்.

யுத்தத்தின் கதைச் சுருக்கம் இது. 1748இல் ஐரோப்பாவில் இங்கிலீஷ்காரரும் பிரெஞ்சுக்காரரும் சமாதானம் செய்துகொண்டார்கள். இங்கே மட்டும் சண்டை நிற்கவில்லை. ஆர்க்காட்டு நவாபு பதவிக்கு இரண்டு பேர் போட்டியிட, சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக் கம்பெனியும் முகம்மது அலிக்கு இங்கிலீஷ் கம்பெனியும் துணைக்குப் போயின. நாட்டுக்கு நாடு சமாதானம். கூலிக்குக் கூலி சண்டை! 1751இல் முகம்மது அலி திருச்சிக் கோட்டைக்குள் முற்றுகையில் அகப்பட்டான். கிளைவ் ஆர்க்காட்டைப் பிடித்த கதையைப் பள்ளிக்கூடத்தில் நாமெல்லாரும் படித்திருக்கிறோம். 1752இல் சந்தா சாகிபு கொல்லப்பட்டான். உதவிக்குக் கூலியாகத் திருச்சியையே தருவதாகச் சொன்ன முகம்மது அலி கை விரித்துவிட, மைசூர்க்காரர்கள் பிரெஞ்சுக்காரர் பக்கம் சாய்ந்தார்கள். திருச்சியைச் சுற்றி மறுபடியும் யுத்தம்.

இதைத் தேதிவாரியாக எழுதப் போனபோதே முதல் முடிச்சு விழுந்தது. கிளைவ் ஆர்க்காட்டுக்குள் நுழைந்தது ஒரு புத்தகத்தில் 1751 ஆகஸ்டு 31. இன்னொன்றில் செப்டம்பர் 11. இரண்டும் சரிதான். இங்கிலீஷ்காரர்கள் அப்போது பழைய பஞ்சாங்கத்தில் இருந்தார்கள். பிரெஞ்சுக்காரரைவிடப் பதினொரு நாள் பின்தங்கி. 1752 செப்டம்பர் 2க்கு மறுநாளை 14 என்று வைத்துக் கணக்கை நேர் செய்தார்கள். புதுச்சேரியில் டூப்ளேயின் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையோ தம் நாட்குறிப்பில் தமிழ் வருஷத்தையும் மாதத்தையும் சேர்த்தே எழுதினார். ஒரு சண்டைக்கு மூன்று தேதி. அவள் ஒரு நீளமான தாளில் மூன்று பத்தி போட்டு எல்லாவற்றையும் எதிரெதிரே எழுதிக்கொண்டாள். அதற்கப்புறம்தான் யார் யாரை முந்திக்கொண்டார்கள் என்பது விளங்கிற்று.

இங்கிலீஷ் பக்கத்துக் கதையை விரிவாகச் சொல்லுபவர் ராபர்ட் ஆர்ம். 1754இலிருந்து சென்னைக் கவுன்சிலில் இருந்தவர். அவருடைய சரித்திரத்தின் முதல் பாகம் 1763இல் வெளிவந்தது. திருச்சியில் இருந்த சைனியத்துக்குத் தொண்டைமான் சீமையிலிருந்து சோறு போயிற்று என்பது அதில் தெளிவாக இருக்கிறது. இரவில், காட்டு வழியாக, காவலோடு போயிற்று. இதற்குத் தண்டனையாக 1754இல் பிரெஞ்சு, மைசூர்ப் படைகள் தொண்டைமான் காட்டுக்குள் நுழைந்தன. ஜனங்கள் மாடு கன்றுகளை ஓட்டிக்கொண்டு அடர்ந்த காட்டுக்குள் போய்விட்டார்கள். வந்தவர்கள் வெறும் ஊர்களைக் கொளுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

சரி, அரிசி அனுப்பியது ஏன்? அவளுடைய தாளே அதற்கு விடை சொல்லிற்று. 1736இல் மதுரை நாயக்க வம்சத்து ராணி மீனாட்சியை ஏமாற்றித் திருச்சியைக் கைப்பற்றியவன் சந்தா சாகிபு. 1749இல் பிரெஞ்சுப் படையோடு பணம் கேட்டுத் தஞ்சாவூரை முற்றுகையிட்டவனும் அவனே. அப்பேர்ப்பட்டவன் திருச்சியில் நிலைத்தால் அடுத்து எந்தக் கதவைத் தட்டுவான்? தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் எல்லைத் தகராறு ஓய்ந்ததே கிடையாது. அந்த இரண்டும் ஒரே பக்கம் நின்றதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. விஜயரகுநாதராய தொண்டைமானுக்கு 1751இல் இங்கிலீஷ்காரன் என்றால், நவாபுக்குக் கூலிக்குச் சண்டை போடும் ஒரு வியாபாரக் கும்பல். அந்தக் கும்பல் 1799இல் கயத்தாற்றில் ஒரு புளியமரத்தைத் தூக்குமரமாக்கும் என்று அவருக்கு எந்த ஜோசியன் சொல்லியிருப்பான்?

பிற்பாடு அந்த அரிசி மூட்டைக்கு இரண்டு பெயர் வைத்தார்கள். 1916இல் ராதாகிருஷ்ண ஐயர் எழுதிய புதுக்கோட்டைச் சரித்திரம் அதை விசுவாசம் என்று பெருமையாகச் சொல்லிற்று. சுதந்தரத்துக்குப் பிறகு மேடைகளில் அதுவே துரோகம் ஆயிற்று. மூட்டை ஒன்றுதான், கட்டின கயிறும் ஒன்றுதான். ஆனால் 1799ஐ இதைச் சொல்லி மூடிவிடவும் முடியாது. அன்றைக்கு இங்கிலீஷ்காரன் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 1751க்கு ஒரு நியாயம், 1799க்கு ஒரு நியாயம். இரண்டையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். சொந்த ஊர் என்பதற்காகச் சலுகை இல்லை. கேலிக்குப் பயந்து கூடுதல் தண்டனையும் இல்லை.

இங்கேதான் கதைக்காரனுக்கும் சரித்திரக்காரனுக்கும் வழி பிரிகிறது. நாவலாயிருந்தால் நான் ஆலங்குடியிலிருந்தே ஒரு வண்டியைப் பூட்டியிருப்பேன். வண்டிக்காரனுக்கு ஒரு பெயர், வீட்டில் ஒரு கர்ப்பிணி மனைவி, காட்டில் நிலா வெளிச்சம் எல்லாம் கொடுத்திருப்பேன். "ஒரு வண்டி போட்டுக்கோயேன்" என்று ஆசைகூடக் காட்டினேன். அவள் மறுத்துவிட்டாள். "அது உங்க புஸ்தகத்திலே வரட்டும், மாமா. என் கட்டுரையிலே வந்தா பொய்" என்றாள்.

கட்டுரை முப்பது பக்கம் வந்தது. டூப்ளேயும் கிளைவும் லாரன்ஸும் அதில் தத்தம் இடத்தில் இருக்கிறார்கள். தொண்டைமான் வீரருமில்லை, துரோகியுமில்லை. பக்கத்து வீட்டில் நெருப்புப் பிடித்தபோது தம் கூரையைப் பார்த்துக்கொண்ட ஒரு சிற்றரசர். கடைசிப் பகுதி மட்டும் காட்டுக்குள் மாடு ஓட்டிப் போனவர்களைப் பற்றியது. ராஜா கூரையைக் காத்துக்கொண்டார். எரிந்த கூரைகள் அவர்களுடையவை. அரிசி கொடுக்கலாமா வேண்டாமா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. விளைவித்தவர்கள் அவர்கள், சுமந்தவர்கள் அவர்கள், வீடு எரியக் கொடுத்தவர்களும் அவர்கள். சீமையை விசுவாசி என்று புகழ்ந்தாலும் துரோகி என்று ஏசினாலும், அந்தச் சொல் ஒட்டாத ஜனங்கள் அவர்கள்தாம்.